தாத்தாவின் ஃபேவர் லூபா: டயலில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்த என் தாத்தா கட்டியிருந்த ஃபேவர் லூபா ஸீ சீஃப் வாட்ச் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. டயல் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. பாரிமுனையில் ஒரு கடைக்காரர், டயலைப் புதிதாக அடித்து கேஸுக்குப் பாலிஷ் போட்டால் நல்ல விலை போகும் என்கிறார். இன்னொருவர் இப்படியே 2,500 ரூபாய்க்குக் கேட்கிறார். இணையத்தில் இதே வாட்ச்சுக்கு 45,000 போட்டிருக்கிறார்கள். இது ஒரிஜினல்தானா? என்ன பெறும்?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: வாட்ச் இப்போது அந்தக் கடையில் இருந்தால், மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் போய் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பழைய வாட்ச்சுக்கு விலையே டயல்தான். மிஷினைக் கழுவி ஓட வைக்கலாம், கண்ணாடி மாற்றலாம், வார் மாற்றலாம். இதனாலெல்லாம் ஒன்றும் குறைந்துவிடாது. டயலைப் ‘புதிதாக அடிப்பது’ என்றால் பழைய எழுத்தையும் கோட்டையும் துடைத்தெடுத்து, பெயின்ட் பூசி, மேலே புதிதாக அச்சு வைப்பது. அதற்குப் பிறகு கம்பெனி செய்த டயல் என்று ஒன்று கிடையாது. திரும்பக் கொண்டுவர வழியும் இல்லை. உங்கள் தாத்தா டயலில் ஏறிய பழுப்பு சென்னையின் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. விஷயம் தெரிந்து வாங்குகிறவர் அந்தப் பழுப்பைப் பார்த்துத்தான் நம்புவார்.

சென்ற மாதம் ஒருவர் பளபளவென்று ஒரு வாட்ச் கொண்டுவந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரங்கள் ஈரக் காகிதத்தில் மை ஊறியதுபோல் தடித்திருந்தன. நிமிடக் கோடுகள் மணிக்கான உலோகக் கட்டைகளோடு நேராகச் சேராமல் ஒரு மயிரிழை விலகி நின்றன. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ எழுத்தைக் காணவில்லை. டயலைக் கழற்றியதும் விளிம்பில் அரத்தால் போட்ட ஒரு சிறு வெட்டு தெரிந்தது; அச்சு வைக்கும்போது திசை தெரிவதற்காகப் போட்ட அடையாளம் அது. அவர் கொடுத்த பணத்தில் பாதி அன்றே போயிற்று. உங்கள் டயலில் எழுத்து ஊசிமுனையால் எழுதியதுபோல் கூர்மையாக இருந்தால், கறையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்து, பின்மூடியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். மிஷின் தகட்டில் ஃபேவர் லூபா என்று பொறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ உள்ளே வேறு மிஷினைப் போட்டிருக்கிறார்கள். மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று பொருள். கேஸ் பித்தளையாக இருக்கும், மேலே முலாம் பூசியிருப்பார்கள். பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் முலாம் போய் மஞ்சள் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். டயலில் ஒரு பெயரும் மிஷினில் இன்னொரு பெயரும் இருந்தாலே போலி என்று தரகர்கள் அடித்துச் சொல்வார்கள். எல்லா நேரமும் அப்படியில்லை. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள், சுவிட்சர்லாந்தில் செய்த கடிகாரங்களைத் தங்கள் பெயரை டயலில் போட்டு விற்றன. விற்றவர் பெயர் டயலில், செய்தவர் பெயர் மிஷினில். அப்படிப்பட்ட வாட்ச்சை ‘டூப்ளிகேட் சார்’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, மறுநாளே ‘மெட்ராஸ் கடைப் பெயர் போட்டது’ என்று பெருமையாக விற்கிறார்கள். கடையின் பெயரா, கம்பெனியின் பெயரா என்று முதலில் பாருங்கள். கடைப் பெயராக இருந்து எழுத்தும் கூர்மையாக இருந்தால் அது குறை இல்லை, கூடுதல் மதிப்பு. உங்களுடையதில் டயலிலேயே கம்பெனி பெயர் இருப்பதால் இந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. மிஷினிலும் அதே பெயர் இருந்தாக வேண்டும்.

‘ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்க, செக் பண்ணிச் சொல்றேன்’ என்பவரிடம் வைத்துவிட்டு வராதீர்கள். போன மிஷின் ஒன்று, வந்த மிஷின் வேறு என்று எத்தனை பேர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்! மூடியைத் திறந்ததுமே செல்போனில் மிஷினைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு, வீட்டுக்கு, நகைக்கு அரசு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் இருக்கிறார். பழைய வாட்ச்சை அவரிடம் கொண்டுபோனால் தங்கம் எத்தனை கிராம் என்று கேட்பார். ஸ்டீல் என்றதும் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். லாஞ்சின்ஸ் போன்ற கம்பெனிகள் தொடர் எண்ணைக் கொடுத்தால் பழைய பதிவேட்டைப் புரட்டிச் சொல்கின்றன. இங்கே அதுமாதிரி ஒரு ஏற்பாட்டுக்காக நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்களே தவிர, ஒன்றும் நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

விலைக்கு வருவோம். 45,000 என்பது ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு ஒருவர் வாங்கினார் என்பதற்கு அது சாட்சி இல்லை. மலை உயரம் காட்டும் பிவாக் (1962), கடலாழம் காட்டும் பாத்தி (1968) போன்ற ஃபேவர் லூபாக்களுக்குத்தான் பெரிய விலை. ஸீ சீஃப் இந்தியாவில் ஏராளமாக விற்ற வாட்ச், ஒரிஜினலாக இருந்தாலும் சில ஆயிரங்கள்தான் போகும். மிஷினும் டயலும் சரியாக இருந்தால் 2,500 குறைவு. அதற்குக் கொடுக்காதீர்கள்.

விற்காமல் கட்டிக்கொள்வதானால், தினமும் சாவி கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். பல வருட எண்ணெய் உள்ளே காய்ந்திருக்கும். அப்படியே ஓடினால் சக்கர முனைகள் தேயும். கழுவி எண்ணெய் போடக் கொடுக்கும்போது, ‘டயல், முள், கேஸ் எதையும் தொடக்கூடாது, மாற்றிய உதிரியைக் கவரில் போட்டுத் தர வேண்டும்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.