எசேக்கியா ராஜா அப்படி என்னதான் செய்தார்?

"ஜெபம் பண்ணி ஆயுசு கூட்டிக்கொண்டதைத் தவிர யூதா தேசத்து ராஜா எசேக்கியா என்ன சாதித்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் ஞாயிறு பள்ளியில் படித்தவராகத்தான் இருப்பீர்கள். அங்கே சொல்வது இரண்டே விஷயம்: சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதார், 15 வருஷம் கிடைத்தது, தேவதூதன் ஒரே ராத்திரியில் அசீரியர் 1,85,000 பேரைச் சங்கரித்தான்.

நான் வாய்க்கால் வேலைகளில் லெவல் பிடித்தே, அதாவது மேடு பள்ளம் அளந்தே ஓய்வு பெற்றவன். எனக்கு எசேக்கியா என்றால் எருசலேமில் அவர் வெட்டிய சுரங்கம்தான். அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தது கி.மு. 701இல். முற்றுகை போட்டால் தாகத்திலேயே ஊர் விழுந்துவிடும். அதனால் கீகோன் ஊற்றுத் தண்ணீரைப் பாறைக்குள்ளேயே சீலோவாம் குளத்துக்குத் திருப்பினார். நீளம் 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். அவ்வளவு நீளத்துக்கும் சரிவு சுமார் 30 சென்டிமீட்டர்! கையில் கருவி இருந்தும் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். சந்தித்த இடத்தில் கொத்து விழுந்த அடையாளங்கள் அதுவரை ஒரு பக்கம் பார்த்தவை, எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. கை வைத்துத் தடவிப் பார்த்தேன். திசை தவறி வெட்டிக் கைவிட்ட பொந்துகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்று முழம் பாக்கி இருந்தபோது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டது என்று வேலைக்காரர்கள் பாறையில் எழுதியே வைத்தார்கள். 1880இல் கண்டெடுத்த அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"அதில் ராஜா பெயரே இல்லையே" என்று ஒருவர் வருவார். இல்லைதான். ஆனால் சுரங்கக் காரையில் சிக்கியிருந்த செடித் துணுக்கைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வும் கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தையே காட்டியது. விசுவாசிகளும் சண்டைக்கு வரவேண்டாம், ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆலயக் கதவுத் தகடுகளைப் பெயர்த்து சனகெரிப்புக்கு 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) பொன் கப்பம் கட்டியதும் இதே ராஜாதான், 2 இராஜாக்கள் 18இல் இருக்கிறது. அதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்களா? சனகெரிப்போ அரணான 46 ஊர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்ததாகவும் பீற்றிக்கொண்டானே தவிர, எருசலேமைப் பிடித்தேன் என்று எழுத முடியவில்லை.

இந்தப் புனிதப் பயணம் நடத்துகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டியலில் சுரங்கமே கிடையாது. கேட்டால், "வயசான காலத்துல தண்ணிக்குள்ள எதுக்கு அங்கிள்?" என்றார் கூட்டிப்போன தம்பி. ஆனால் ஒலிவமரச் சாமான் கடையில் அரை நாள் உட்கார வைக்க மட்டும் நேரம் இருந்தது, கமிஷன் இல்லாமலா? மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நானாகத்தான் போனேன். நீங்கள் போவதாக இருந்தால், முன்பணம் கட்டும்போதே சுரங்கம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.