தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்குத் தாய்மொழி சௌராஷ்டிரம், கணவருக்குத் தமிழ். மதுரையில் மாமியாரோடு கூட்டுக் குடும்பம். வீட்டில் பொதுப் பேச்சு தமிழ்தான். மகளுக்கு 7 வயது. மூன்று வயதுவரை என் அம்மா வீட்டில் வளர்ந்ததால் சௌராஷ்டிரம் பேசுவாள். 3 வயது மகனுக்குப் புரிகிறது, ஆனால் பதில் தமிழில்தான். போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தமிழ் என்று எழுதிவிட்டார்கள். இம்முறை என்ன சொல்வது? சௌராஷ்டிரம் என்றால் நாங்கள் தமிழர் இல்லை என்று ஆகிவிடுமா? மழலையர் பள்ளி ஆசிரியை வேறு, வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பையன் குழம்புகிறான் என்கிறார்.

பதில்: ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே தாய்மொழிதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கணவன் மனைவிக்கு வேறு வேறாக இருக்கலாம் என்று கணக்கெடுப்பாளர் கையேடே சொல்கிறது. தாய்மொழி என்பதற்கு அங்கே உள்ள வரையறை எளிது: குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழி. அப்பாவின் மொழி, சாதி, மதம், எழுதப் படிக்கத் தெரிந்த மொழி எதுவும் இதில் சேராது.

ஆகவே உங்களுக்குச் சௌராஷ்டிரம், கணவருக்குத் தமிழ், மகளுக்குச் சௌராஷ்டிரம். மகன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவன் எதில் பதில் சொல்கிறான் என்பது கணக்கில்லை, நீங்கள் எதில் பேசுகிறீர்கள் என்பதே கணக்கு. குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் வாயில் சௌராஷ்டிரம் வருகிறது என்றால் அதையே எழுதச் சொல்லுங்கள். அவனிடம் பெரும்பாலும் தமிழே பேசுகிறீர்கள் என்றால் தமிழ்தான் நேர்மையான பதில்; அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இருப்பதில் தவறில்லை. இரண்டும் சரிபாதி, சொல்லத் தெரியவில்லை என்றால் வீட்டில் அதிகம் புழங்கும் மொழியை எழுதலாம் என்பது விதி. உங்கள் வீட்டில் அது தமிழ்.

அடுத்த கேள்வி, அறிந்த பிற மொழிகள். 2011 படிவத்தில் தாய்மொழி 10ஆம் கேள்வி, இது 11ஆம் கேள்வி. தாய்மொழி தவிர அதிகபட்சம் இரண்டு மொழிகள், நன்றாகத் தெரிந்தது முதலில். பேசிப் புரிந்துகொண்டால் போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தமிழ் இங்கே முதலிடத்தில் வரும். கணவருக்குச் சௌராஷ்டிரம் காதில் விழுந்து பழகிப் பேசவும் வருகிறது என்றால் அவர் வரிசையிலும் சேர்க்கலாம். ஒரு வீடு இருமொழி வீடு என்று தெரிவது இந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான். முதல் கட்டத்தை மட்டும் கவனித்து இதை வெறுமையாக விடுகிறவர்கள் ஏராளம்.

தவறு நடப்பது பெரும்பாலும் வாசலில்தான். வந்தவர் தமிழில் கேட்கிறார், வீட்டுப் பெரியவர் தமிழில் பதில் சொல்கிறார், எல்லோருக்கும் தமிழ் என்று பதிவாகிவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கேள்வியே கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். மொழி விவரம் கேட்கப்படும் மக்கள்தொகைச் சுற்று 2027 பிப்ரவரி என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் நடக்கும் வீட்டுப் பட்டியல் சுற்றில் மொழியைத் தேட வேண்டாம். பிப்ரவரிச் சுற்றில் கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாரோ அவருக்கு நான்கு பேரின் பதிலையும் முன்பே சொல்லி வையுங்கள். நீங்களே இணையத்தில் பதிந்தால் இன்னும் நல்லது. கணக்கெடுப்பாளர் மறுத்துப் பேசினால், சொல்வதைச் சொன்னபடி முழுப் பெயரில் எழுத வேண்டும், இது வேறொரு மொழியின் வட்டார வழக்கா என்று ஆராயவோ வாதிடவோ கூடாது என்ற கையேட்டு விதியைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

இம்முறை சாதியும் கேட்கப்படுகிறது. உங்கள் சமூகத்துக்கும் மொழிக்கும் ஒரே பெயர் என்பதால், அங்கேதான் எழுதிவிட்டோமே என்று மொழிக் கட்டத்தைத் தமிழாக விட்டுவிடும் ஆபத்து உண்டு. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். மொழிக்குப் பட்டுநூல், பட்ணூலி என்ற பழைய பெயர்களையும் குஜராத்தியையும் தவிர்த்துச் ‘சௌராஷ்டிரா’ என்றே சொல்லுங்கள். பெயர் சிதறினால் எண்ணிக்கையும் சிதறும்.

2011 அட்டவணையைப் பார்த்தால் குஜராத்தி என்ற தலைப்பின்கீழ் சௌராஷ்டிரம் ஓர் உள்வரிசையாக இருக்கும். இந்தோ-ஆரிய மொழி என்ற அளவில் அந்தத் தொகுப்பு செய்யப்பட்டிருக்கிறது. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஊறிய உங்கள் பேச்சு அகமதாபாத்காரருக்குப் புரியாது என்பது வேறு விஷயம். நீலகிரியின் படுக மொழியும் இப்படித்தான் கன்னடத்தின்கீழ் வருகிறது. இருந்தாலும் இந்திய அளவில் 10,000 பேருக்கு மேல் சொன்ன தாய்மொழிக்குத் தனி வரிசை கிடைக்கும், குறைந்தால் ‘பிற’ என்பதில் கரைந்துவிடும். சௌராஷ்டிரத்துக்கு அந்தப் பயம் இல்லை: 2001இல் 1,85,420 பேர், 2011இல் 2,47,702 பேர். சுமார் 34 சதவீத ஏற்றம். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை கூடியது 15.6 சதவீதம்தான். குழந்தைகள் பிறந்ததால் மட்டும் இந்த ஏற்றம் வந்திருக்காது. எத்தனை பேர் தங்கள் மொழியைப் பெயர் சொல்லிப் பதிந்தார்கள் என்பதும் சேர்ந்தே இந்த எண்ணை ஏற்றி இறக்குகிறது. ஏறத்தாழ 2,000 பேரே உள்ள நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைப் போன்றவர்களுக்கு இந்த 10,000 என்ற கோடு எட்டவே எட்டாது.

இதனால் பள்ளிச் சேர்க்கைக்கோ சான்றிதழுக்கோ பாதிப்பு வருமா என்றால், வராது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 15ஆம் பிரிவின்படி தனிநபர் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சான்றாகவும் வைக்க முடியாது. நீங்கள் தமிழரா என்று அந்தப் படிவம் கேட்கவே இல்லை. அதை ஒரு பொதுவாக்கெடுப்பு போல நினைத்துக்கொள்வதால்தான் இந்தச் சங்கடம். தமிழ்த் திரைப்பாட்டின் குரலாகவே ஆகிப்போன டி.எம். சௌந்தரராஜனும், 1993இல் தமிழுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராமும் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான். மாமியார் வருத்தப்பட்டால் இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள், சட்டப் பிரிவைவிட நன்றாக வேலை செய்யும்.

ஆசிரியை சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பது இருமொழிக் குழந்தைகளின் இயல்பு. குழப்பமோ பேச்சுத் தாமதமோ அதற்குப் பொருள் அல்ல. பேச்சு வளர்ச்சியை அளக்கும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயதில் இரண்டும் சேர்த்து ஐம்பது சொல்லாவது, இரு சொல் தொடர்களாவது வந்திருக்க வேண்டும். அப்போதும் வரவில்லை, இப்போதும் இரண்டு மொழியிலுமே பேச்சு குறைவு என்றால் காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியாளரும் தேவை. மொழியை நிறுத்துவது அதற்கு மருந்து அல்ல.

மகன் தமிழில் பதில் சொல்வதற்குக் காரணம் எளிது: தமிழில் சொன்னாலும் வேலை நடக்கிறது. ‘சௌராஷ்டிரத்தில் சொல்லு, அப்போதுதான் தருவேன்’ என்று நிபந்தனை போட்டால் அந்த மொழியே கசந்துவிடும். அவன் தமிழில் சொன்னதை நீங்கள் சௌராஷ்டிரத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். தமிழ் வராத, அல்லது பேச விரும்பாத ஒரு பெரியவர் அவனுக்கு வேண்டும். உங்கள் அம்மாவிடம் தினம் பதினைந்து நிமிடம் போன் பேச்சு, வாரக் கடைசியில் அரை நாள் அங்கே. அக்காவும் தம்பியும் தங்களுக்குள் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்குப் போகும் மூத்த குழந்தைதான் பெரும்பாலும் வீட்டின் மொழியை மாற்றுகிறது, ஆகவே மகளை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வது முக்கியம்.

எழுத்துக்கு அவசரமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமராய் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சௌராஷ்டிர எழுத்து 2008 முதல் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா எழுத்துரு இலவசம். ஆனால் மகளுக்குத் தமிழ் எழுத்து ஏற்கெனவே தெரியும். க, ச, ட, த, ப மேல் 2, 3, 4 என்று சிறு எண் போட்டு, தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலிகளைக் காட்டும் முறையில் தொடங்கினால், பாட்டிக்கு அவளே ஒரு வாட்ஸாப் செய்தி அனுப்புவதற்குச் சில வாரங்கள் போதும்.