சோம்பல் என்று நினைத்தோம், டாக்டர்: கேள்வி பதில்

கல்லூரி முதலாண்டு மாணவர்களின் மனச்சோர்வு குறித்து வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வண்ணாரப்பேட்டையில் பணியாற்றும் மனநல மருத்துவரின் பதில்கள்.

காசிமேட்டிலிருந்து ஒரு தந்தை: மகன் இன்ஜினியரிங் சேர்ந்து நான்கு மாதம். நண்பகல் வரை படுத்தே கிடக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான். விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவன் நான். செல்போனைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. செல்போனால் தூக்கம் கெடுவது உண்டு. தூக்கம் வராமல் போனை எடுப்பதும் உண்டு. மனச்சோர்வு வந்தவர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைக்கிறோம். இந்த வயதுப் பையன்களிடம் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிப்படும். நான் முதலில் கேட்பது இரண்டு வாரக் கணக்கு. பிடித்த காரியத்திலும் நாட்டம் போய், தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டு, இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடிக்கிறதா? கேரம் பலகையை விட்டு எழாதவன் இப்போது அந்தத் தெருப்பக்கமே போவதில்லையா? அப்படியானால் அழைத்து வாருங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இதே வேடம் போடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடி மாணவி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இங்கே பாடம் பாதி புரியவில்லை; மூன்று அரியர். கல்லூரிக்கு என்று கிளம்பி, பீச் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறேன்.

பதில்: ஆங்கிலம் வராதது நோய் இல்லை அம்மா, அதற்கு நான் மாத்திரையும் எழுத மாட்டேன். என் கவலை அந்த ஸ்டேஷன் பெஞ்சைப் பற்றித்தான். வகுப்புக்குப் போகாத நாள் அன்றைக்கு நிம்மதியைத் தரும். மறுநாள் பயத்தை இரட்டிப்பாக்கும். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை கேட்பார்கள், அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும். நாளைக்கு ஒரே ஒரு வகுப்பு போதும், ஓரளவு புரிகிற பாடமாகப் பார்த்து உட்காருங்கள். கடுகடுக்காத ஆசிரியர் ஒருவராவது இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் அரியரை எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். மறைப்பதற்கே பாதித் தெம்பு போய்விடுகிறது.

தண்டையார்பேட்டைத் தாய்: மாத்திரை தொடங்கினால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

பதில்: மனச்சோர்வுக்கு இப்போது வழக்கமாகத் தரும் மருந்துகள் போதைப்பழக்கம் ஆவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலரும் பத்தாம் நாளே நிறுத்திவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். முதல் முறை வந்த சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்போம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் பதற்றமும் சாகும் எண்ணமும் கூடலாம். அந்த நாட்களில் பிள்ளையைக் கண்ணில் வைத்திருங்கள். சோர்வு லேசாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும்.

விடுதி மாணவர்: அறைத்தோழன், ‘நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை’ என்றான். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ?

பதில்: கேளுங்கள் தம்பி, நேராகவே. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவசரம் என்று தோன்றினால் அவனை மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் வார்டனிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கொருக்குப்பேட்டை மாணவர்: மருத்துவரைப் பார்த்தது கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: நாங்களாகச் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விதிவிலக்கு, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும்.