ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வகுப்பறையில் புரொஜெக்டர் நடுக்கூரையில் இருக்கிறது. பலகையருகே சென்றால் என் நிழல் படத்தை மறைக்கிறது. மாணவர் பக்கம் திரும்பினால் கண் கூசுகிறது. கிட்டத்திலிருந்தே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ வாங்கினால் தீருமா? இப்போதுள்ள சுருள் திரையே போதுமா?

பதில்: இரண்டு தொல்லைகளும் பெருமளவு குறையும், ஆனால் சுருள் திரையை நம்ப வேண்டாம். 2 மீட்டர் அகலப் படத்துக்குச் சாதாரணப் புரொஜெக்டர் சுமார் 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஷார்ட் த்ரோவுக்கு ஏறத்தாழ 1 மீட்டரும், பலகைக்கு மேலே சுவரிலேயே பொருத்தும் அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கு அரை மீட்டரும் போதும். உங்களுக்கு ஏற்றது பின்னதே. ஒளி தலைக்கு மேலிருந்து சாய்வாக இறங்குவதால் கண்ணில் படாது.

சங்கடமும் அந்தச் சாய்விலிருந்தே வருகிறது. சாய்ந்து விழும் ஒளி பரப்பின் சிறு மேடுபள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், மின்விசிறிக் காற்றில் சுருள் திரை சற்று அசைந்தாலே நேர்கோடு நெளியும். அதில் வடிவியலை எப்படி நடத்துவது? இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரு பக்கமும் இழுத்துக் கட்டி விறைப்பாக நிற்கும் சுருள் திரைகள் இருக்கின்றன. அவை இந்த வகைக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் குறிப்பிட்டிருந்தால், விறைப்பு தளராதவரை, பயன்படுத்தலாம். மற்றபடி, பளபளப்பில்லாத கெட்டிப் பலகையே நல்லது.

பொருத்த வருபவர் படம் கோணலாக விழுந்தால், "கீஸ்டோனில் சரிசெய்துவிடலாம்" என்பார். கோணலான படத்தை நேராக்கும் அமைப்புதான் கீஸ்டோன். சம்மதிக்காதீர்கள். அது படத்தை மின்னணு முறையில் சுருக்கி எழுத்தின் கூர்மையைக் கெடுக்கும். பெரும்பாலான மாடல்களில் லென்ஸாலேயே படத்தின் அளவை மாற்றும் ஆப்டிகல் ஜூமும் இல்லாததால், தாங்கியையே சரியான இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

இடைத்தரகர்களின் விலைப்பட்டியலில் ஒளி அளவுக்கு வெறும் "லூமென்ஸ்" என்றிருந்தால், அது ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ 21118 என்ற தர அளவீட்டு முறையில் அளந்ததா என்று கேளுங்கள். "முழு எச்டி ஏற்கும்" என்பதும் ஒரு பொறிதான். கருவி அந்தப் படத்தை உள்வாங்கும் என்றுதான் அதற்குப் பொருள், அதே நுணுக்கத்தோடு காட்டும் என்றல்ல. நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது கருவி உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, எவ்வளவு என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுப் பலகையையும் தாங்கியையும் மறந்துவிடும் கொள்முதல் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். மிகக் குறைந்த விலையில் கையெழுத்திடுபவர்கள் கடைசி பெஞ்சில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீங்களாவது, பகலில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, உங்கள் வகுப்பறையிலேயே ஒரு கட்டத்தாள் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையிலிருந்து கோடுகள் நேராகவும் எண்கள் தெளிவாகவும் தெரிந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.