கத்தரிக்கோல் யார் கையில்?

கேள்வி: கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதம் தையல் பயின்றேன், மெஷினும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக ஓயாமல் தைக்கிறேன். துணி வெட்ட மட்டும் பயம், அதனால் அண்ணி வெட்டித் தருகிறார், கணக்கையும் அவரே பார்க்கிறார். கையில் காசு நிற்பதில்லை. எம்பிராய்டரி பயிற்சியிலும் சேரட்டுமா?

பதில்: வேண்டாம். எம்பிராய்டரி போட்டாலும் அதற்கும் வேறொருவர்தான் விலை பேசுவார்.

“துணி வெட்ட மட்டும் பயம்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் தொல்லை முழுக்க அந்த “மட்டும்”-இல் இருக்கிறது. அளவெடுத்து வெட்டுகிறவர்தான் தையல்காரர். வெட்டியதைச் சேர்த்துத் தைக்கிறவருக்குக் கிடைப்பது பீஸ் கூலி. துணி கொடுக்கிறவர்கள் அளவெடுத்தவரிடம்தான் பேசுவார்கள், காசும் அங்கேதான் போகும். அண்ணி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டியது நீங்கள்தானே?

பயிற்சி தந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. துணி வீணாகுமென்று, வெட்டிய துண்டுகளையே கையில் கொடுத்து நேர்த்தையல் போடவைத்தால் சான்றிதழ் வரும், வெட்டு வராது.

நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் வரையுங்கள். பழைய தையல் தடம் தெரியும். கோடு அதன்மேல்தான் போகவேண்டும். அதற்கு வெளியே பக்கத்தையலுக்கு 1 அங்குலம், கைக்குழிக்கு அரை, கழுத்துக்குக் கால் அங்குலம் விடுங்கள். அதிகமாக விட்டால் பிறகு குறைக்கலாம், குறைத்து வெட்டினால் ஒட்டவைக்க முடியாது. பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கித் திரும்பி வரும். தாளில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு போடுங்கள், அது துணியின் கரைக்கு, அதாவது நீளவாட்டு நெசவு ஓரத்துக்கு, இணையாக இருக்கட்டும். சாய்ந்தால் சட்டை உடம்பில் முறுக்கிக்கொள்ளும், எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் சரியாகாது. புதியவர்கள் அதிகம் கெடுப்பது கைத்துண்டை: தாளைத் திருப்பிப் போடாமல் இரண்டு தடவை வெட்டுவார்கள், இரண்டும் இடக்கையாக வந்து நிற்கும். நல்ல பக்கம் உள்ளே வரும்படி துணியை மடித்து ஒரே வெட்டில் எடுங்கள். பழைய படுக்கை விரிப்புகளில் பத்துச் சட்டை வெட்டிப் பாருங்கள். சில கெடும். கெடட்டும்.

அண்ணன் வீட்டில் இருக்கும்போது வீட்டுச் செலவுக்குத் தருவது உங்கள் கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து அண்ணி கையில் நீங்களே கொடுங்கள். இதுவரை வெட்டித் தந்தாரே, அந்த உழைப்புக்கும் ஒரு தொகை பேசித் தீர்த்துவிடுங்கள். ஆனால் தையல் கூலி முதலில் உங்கள் கைக்கு வந்தாகவேண்டும். பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா இன்னொருவர் முன்னால் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், அளவுகள், பேசிய கூலி, முன்பணம், கொடுக்கவேண்டிய தேதி, ஓரத்தில் அந்தத் துணியின் சிறு துண்டு. அடுத்த ஆள் வந்து கூப்பிடும்போது இஞ்ச் டேப்போடு வாசலுக்கு நீங்கள் போங்கள்.