காணாமல் போன போல்ட்

கேள்வி: காரைக்குடியில் 1,400 ரூபாய்க்கு முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) இரண்டு வாங்கி, கானாடுகாத்தான் வீட்டு வாசலில் என் பழைய மாருதி 800இல் நானே மாட்டினேன். நான்காம் நாள் சக்கரம் மடங்கி, எதிர்வீட்டு ஆச்சியின் திண்ணையில் வண்டி மோதிவிட்டது. ஆத்தங்குடிக் கல் உடைந்ததற்கு 18,000 கேட்கிறார்கள். கடைக்காரர் நாலு பேர் முன்னால் என்னை ஏசிவிட்டு, இப்போது 6,000 தருகிறேன் என்கிறார். 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் ஏசியதை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் உங்கள் கடிதத்தின் ஒரே வரியில்: "தண்டு நக்கிளை விட்டு நழுவிக் கிடந்தது, போல்ட்டைக் காணோம்."

ஆர்மின் நுனியில் கிண்ணத்துக்குள் திரும்பும் பந்துதான் பால் ஜாயின்ட். அதன் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் நுழைந்து ஒரு போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். பந்து கிண்ணத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் பொருளில் குறை. கடைக்காரரை விடாதீர்கள் என்பேன். தண்டு முழுசாக இருக்க, அதைக் கவ்வும் போல்ட் கழன்றிருந்தால் மாட்டிய கைதான் பதில் சொல்ல வேண்டும். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை நீங்களே கட்டி, உங்களுக்கு எதிரான அறிக்கையை வாங்குவீர்கள்.

அதைவிட எனக்குப் பயம், நீங்கள் பெரிய ஆதாரமாக நினைக்கும் வாட்ஸ்அப் செய்தி. "மூணு நாளா திருப்பத்துல கடக்கு கடக்குன்னு சத்தம் வருது" என்று கடைக்கு எழுதிவிட்டு, மறுநாளும் வண்டியை எடுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தாக்கல் செய்வது அதைத்தான். ஆபத்தான குறை தெரிந்தும் ஓட்டி, சொத்துக்குச் சேதம் வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்கப் போனவர் தன் வாக்குமூலத்தாலேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

சமாதானமாகப் போங்கள். 9,000 கேட்டுப் பாருங்கள், ஏழுக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி வாங்கும் தாளில் யார் தவறு என்ற பேச்சே வரக்கூடாது. கையெழுத்தாகும் வரை ஆர்மைத் துடைக்காதீர்கள், "கம்பெனிக்கு அனுப்புகிறேன்" என்று கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆச்சிக்குப் பணம் கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றுப் பணம் கொடுத்தால், பிறகு கிளைம் கேட்க முடியாமல் போகலாம்.

இன்னொன்று, மறுபக்க ஆர்மையும் நீங்கள்தான் மாட்டியிருக்கிறீர்கள். மெக்கானிக் வந்து அந்த போல்ட்டைப் பார்க்கும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.