டிசி மோட்டார் கொதிக்கிறதா? கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு சோக் போடுங்கள்

கேள்வி: நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். பாவு ஓட்டும் மெஷினில் 180 வோல்ட் டிசி மோட்டார். சிங்கிள் பேஸ் எஸ்சிஆர் பிரிட்ஜ் டிரைவ். வேகத்தைக் குறைத்தால் மோட்டார் உறுமுகிறது, கை வைக்க முடியாத சூடு, பிரஷ்ஷில் பொறி. அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன். ஃப்யூஸ் போய்விட்டது. இன்னும் பெரிதாகப் போடலாமா?

பதில்: வேண்டாம் சார். அடுத்த முறை எஸ்சிஆரும் சேர்ந்து போகும்.

டயோடு பிரிட்ஜில் போட்டுப் பழகிய கையால் எல்லோரும் செய்வதுதான் இது. அங்கே லைன் வோல்டேஜ் ஏறி வந்து கெப்பாசிட்டரைத் தாண்டும் கணத்திலேயே டயோடு திறந்துவிடும். சார்ஜ் ஓரளவு நிதானமாக ஏறும். எஸ்சிஆரோ, கேட் சிக்னல் கொடுத்தால்தான் திறக்கும் டயோடு மாதிரி; நீங்கள் வேகத்தைக் குறைக்கக் குறைக்கத் தாமதமாகத் திறக்கும். அரைச் சுற்றின் நடுவில், அதாவது 90 டிகிரியில் திறந்தால் 230 வோல்ட் லைன் அப்போது உச்சத்தில், 325-இல் இருக்கும். கெப்பாசிட்டர் 100 வோல்ட் பக்கம் கிடந்தால் வித்தியாசம் 200-க்கு மேல். தடுக்க வெறும் வயர்தான். விநாடிக்கு 100 முறை இந்த அடி விழும்.

உங்கள் மோட்டாருக்குச் சீரான கரன்ட்தான் தேவை. சுற்றும் விசை சராசரி கரன்ட்டால் வருகிறது, சூடு ஆர்எம்எஸ் கரன்ட்டால் (கரன்ட்டின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலம்). கரன்ட் துண்டு துண்டாகப் போனால் சராசரி மாறாமலே ஆர்எம்எஸ் எகிறும். சாதா டிசி மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், 'லோடு சரியாத்தானே இருக்கு' என்று ஏமாந்துபோவோம்.

ஆர்மேச்சருக்கு, அதாவது மோட்டாரின் சுழலும் சுருளுக்கு, தொடராக ஒரு சோக் (இரும்புக் கோரில் சுற்றிய காயில்) போடுங்கள். தறியின் ஃப்ளைவீல் ஓட்டத்தைச் சீராக்குவதுபோல அது கரன்ட்டைச் சீராக்கும். 50 மில்லிஹென்றி சோக், விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் சிற்றலைக்கு (100 ஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 31 ஓம் தடை. டிசிக்குக் காப்பர் வயரின் தடை மட்டும். திருத்தணிப் பக்கம் ரீவைண்டிங் பட்டறையில் கொடுத்தால், மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியரைத் தாங்கும் கம்பி வேண்டும் என்றும், கோரில் காற்று இடைவெளி விடவேண்டும் என்றும் அழுத்திச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் டிசியிலேயே கோர் காந்தத்தால் நிரம்பி, சோக் வெறும் கம்பிச் சுருளாகிவிடும். பழைய டியூப்லைட் சோக்கை மாட்டிவிடாதீர்கள். அது அரை ஆம்பியருக்கும் கீழே ஓடுகிற சரக்கு, புகைதான் வரும்.

இன்னொன்று. பிரிட்ஜில் பாதி எஸ்சிஆர், பாதி டயோடு என்றால், சோக்குக்கு முன்னால் அவுட்புட்டின் குறுக்கே ஃப்ரீவீலிங் டயோடு (லைன் கொடுக்காத நேரத்தில் சோக்கின் கரன்ட் சுற்றிவர வழி விடுவது) இருக்கிறதா பாருங்கள். கேத்தோடு பிளஸ் பக்கம் இருக்கவேண்டும். அது இல்லாத சில சர்க்யூட்களில், கன்ட்ரோலைச் சைபருக்குத் திருப்பினாலும் ஒரு எஸ்சிஆர் அணையாமல் மோட்டாரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

போட்ட கெப்பாசிட்டரை வெறும் கையால் தொடாதீர்கள்; சப்ளையை எடுத்துவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியே சார்ஜை இறக்கிய பிறகு கழற்றுங்கள். சோக் போட்ட பிறகும் பொறி நிற்கவில்லையா? அப்புறம் பிரஷ் தேய்மானத்தையும் கம்யூட்டேட்டரையும்தான் பார்க்கவேண்டும்.